காலமான கலைஞரின்ர பேரில யாவாரம்: வன்னியில புதுசாத் தொடங்கிறவைக்கு

கிளிநொச்சியில லேபலும் பனரும் அடிச்சுக் குடுக்கிறதுதான் என்ர வேலை, அதால உந்த அலுவல் என்னட்ட அடிக்கடி வரும். ஆராவது ஒரு பெடியன் வந்து போனை நீட்டி "அண்ணை, இந்தப் படத்தைப் போட்டு பக்கற்றுக்கு ஒரு டிசைன் செய்து தாங்கோ" எண்டுவான், பாத்தா படத்தில இருக்கிறது காலமான ஒரு அண்ணாவியார் (கூத்துப் பழக்கிறவர்), இல்லாட்டி எம்ஜிஆர், இல்லாட்டி எஸ்பிபி. ஆரிட்டக் கேட்டனீங்கள் எண்டு கேட்டா முழிசுவினம், செத்த ஆளிட்ட என்னண்டு அண்ணை கேக்கிறது எண்டு சிரிக்கிற ஆக்களும் இருக்கினம். கேக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம், ஒராள் இல்லை நாலைஞ்சு பேர் இருப்பினம். நான் லோயர் இல்லை, பெரிய காசு போடுறதெண்டா ஒரு லோயரைப் பாருங்கோ, ஆனா ஐஞ்சு கிலோ மிளகாய்த்தூளோடயும் பத்துப் போத்தில் தேனோடயும் தொடங்கிற ஆக்களுக்கு இதில எழுதுறது காணும்.

முதல்ல ஆரின்ர பேர் எண்டு முடிவெடுங்கோ

கனபேர் நேர எம்ஜிஆரிட்டத்தான் போவினம். ஆள் பிறந்தது எங்கட நாட்டில, நாவலப்பிட்டியில, 1917ல. 1987 மார்கழியில காலமானவர், இண்டைக்கும் சலூன் சுவருகளில சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறார். சலூனில படம் கொழுவிறது ஒரு ரசிகனின்ர விருப்பம், அதை ஆரும் கேக்கப்போறதில்லை. அதே படத்தை உங்கட பக்கற்றில அடிச்சு விலை போட்டா அது யாவாரம், கதை வேற. என்னைக் கேட்டா புதுசாத் தொடங்கிறவை இந்தியச் சினிமாக்காரரை விட்டிட்டு வாறது நல்லம். சம்மதம் எடுக்கிறதெண்டா ஆரிட்டப் போறது எண்டே உங்களுக்குப் பிடிபடாது, அதோட எல்லாரும் பாவிக்கிற முகத்தைப் போட்டா உங்கட சாமானை ஆரும் தனியா அடையாளம் பிடிக்கவும் மாட்டினம்.

ஊர்க் கலைஞர் எண்டா நிலைமை வேற. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடினவர், காத்தவராயன் கூத்துக்கு மத்தளம் அடிச்சவர், திருவிழாவில வில்லுப்பாட்டுப் படிச்சவர், நாடகத்தில பபூன் வேசம் கட்டிச் சனத்தைச் சிரிக்க வைச்சவர், இப்பிடி ஒவ்வொரு ஊரிலயும் ஒராள் எண்டாலும் இருப்பார். அவையின்ர பேரை ஒரு பக்கற்றில கண்டா அந்தச் சுத்துவட்டாரத்துச் சனம் நிண்டு பாத்திட்டுத்தான் போகும். குடும்பம் எங்க இருக்கெண்டு கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கேலாட்டி பிரதேச செயலகத்தில கலாசார உத்தியோகத்தர் எண்டு ஒராள் இருப்பார், அவரிட்டக் கேளுங்கோ, கோயில் நிர்வாகத்திலயும் வாசிகசாலையிலயும் கேளுங்கோ.

இன்னொண்டு, போர்க்காலத்தில பாட்டுப் பாடி நாடகம் போட்ட கலைஞர்மார் இஞ்ச கனபேர், சனம் அவையை மறக்கேல்லை. ஆனா அந்தக் காலத்துப் படத்தையோ பாட்டு வரியையோ எடுத்து ஒரு மிக்சர் பக்கற்றில போட்டா ஆரும் விசாரிக்க வரேக்க முதல்ல போய்த் தட்டுறது உங்கட கதவை இல்லை, அந்த மனுசி பிள்ளையளின்ர கதவை. அதை நீங்கள் அவைக்குச் செய்யக்கூடாது. நான் உந்த வேலையள் எடுக்கிறதில்லை.

பேர், முகம், பாட்டு, குரல்

எல்லாரும் பிழைவிடுற இடம் இதுதான், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். குடும்பத்திட்டக் கேட்டாச்சு, எல்லாம் சரி எண்டு நினைக்கிறீங்கள், ஆனா குடும்பத்திட்ட இருக்கிறது எல்லாம் இல்லை.

பேருக்கு குடும்பத்திட்டத்தான் போகவேணும். எங்கட நாட்டுச் சட்டம் 2003ஆம் ஆண்டின்ர 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதில 160ஆம் பிரிவு நேர்மையில்லாத போட்டியைப் பற்றிச் சொல்லுது, அடுத்தவரின்ர நற்பேரைக் கெடுக்கிற மாதிரி யாவாரம் செய்யக்கூடாது எண்டு, பிரபலமான ஆக்களின்ர நற்பேரும் அந்தப் பட்டியலுக்குள்ள வருது. இந்தியாவில 2023ல டெல்லி உயர்நீதிமன்றம் காலமான ஹிந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின்ர வழக்கில ஒராளுக்குத் தன்ர பேரிலயும் முகத்திலயும் இருக்கிற உரிமை ஆளோடயே முடிஞ்சுது, தகப்பனுக்கு வராது எண்ட மாதிரிச் சொன்னது. அப்ப பிரச்சினை இல்லைத்தானே எண்டு துள்ளாதேங்கோ, மிச்சத்தையும் வாசியுங்கோ.

முகம் எண்டா படம். படத்தின்ர உரிமை படத்தில இருக்கிற ஆளுக்கில்லை, எடுத்த ஆளுக்கு. எடுத்தவர் செத்து 70 வருசம் வரைக்கும் அது அவரின்ர வாரிசுகளுக்குப் போகும். ரொறன்ரோவில கிளென் கூல்ட் எண்டு பெரிய பியானோக்காரர் ஒருத்தர், 1982ல செத்தவர், அவரின்ர பழைய படங்களைப் போட்டு ஒரு புத்தகம் வந்தது, குடும்பப் பக்கம் வழக்குப் போட்டினம், 1998ல மேன்முறையீட்டு நீதிமன்றம் படம் எடுத்தவரின்ர பக்கம்தான் நிண்டது. அதால நீங்கள் ஸ்ரூடியோக்காரரையும் தேடவேணும். வன்னியில இது லேசான வேலை இல்லை. 2009ல சனம் அல்பத்தையும் விட்டிட்டுத்தான் ஓடினது, ஸ்ரூடியோவும் இல்லை நெகட்டிவும் இல்லை. கனடாவில இருக்கிற பெறாமகளிட்ட ஒரு கலியாணப் படம் இருக்கும், அதில மூண்டாவது வரிசையில அண்ணாவியார் பாதி மறைஞ்சு நிப்பார், அதைத்தான் வட்ஸ்அப்பில அனுப்புவினம். அதை ஏஐயில போட்டுத் தெளிவாக்கிக் கொண்டுவருவான் பெடியன், பல்லு வரிசையா, தோல் மினுமினுப்பா, நெத்தியில இருந்த தழும்பைக் காணேல்லை. பேத்தி பாத்திட்டு "இது எங்கட அப்பப்பா இல்லை" எண்டு சொல்லும், சொன்னா அதோட அந்தப் படம் முடிஞ்சுது, தூக்கிப் போடுங்கோ. அப்பிடியான நேரத்தில ஒரு கீறல் ஓவியம் போடுறது திறம், ஊரில வரையத் தெரிஞ்ச பிள்ளைக்கு காசு குடுத்து வரைவியுங்கோ, அதைப் பாவிக்கலாம் எண்டு அந்தப் பிள்ளையிட்டயும் எழுதி வாங்குங்கோ. முகமே இல்லாம மத்தளமோ கூத்து முடியோ சலங்கையோ போட்டும் செய்யலாம், நான் செய்த லேபலுகளில வடிவானதுகள் அப்பிடியானதுகள்தான்.

பாட்டு எண்டா எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் அவை செத்து 70 வருசம், ஒலிப்பதிவுக்கு 50 வருசம், அது பதிவு செய்த கொம்பனிக்காரருக்கு. பாடினவரின்ர மனுசி ஓம் எண்டதால பாட்டைப் போடலாம் எண்டு ஒரு நாளும் நினைக்காதேங்கோ. பரம்பரையா வாற கூத்துப் பாட்டெண்டா ஒருத்தரின்ர சொத்தில்லை, ஆனா அதை யாவாரத்துக்குப் பாவிக்கிறதுக்கும் அதே சட்டத்தின்ர 24ஆம் பிரிவில கட்டுப்பாடு இருக்கு, புதுசா ஆரையும் பாடவைச்சு எடுக்க முதல் விசாரியுங்கோ.

குரல்தான் இப்ப புதுத் தலையிடி. முந்தி ஒலிபெருக்கி கட்டின ஆட்டோவில பழைய றேடியோ அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா மாதிரிக் கதைச்சு விளம்பரம் செய்வாங்கள், கேக்கிற சனத்துக்கு அது அவரில்லை எண்டு தெரியும், சிரிச்சிட்டுப் போகும். இப்ப ஏஐயில செத்த ஆளின்ர குரலையே எடுக்கலாம். 2024ல ஏ.ஆர்.ரஹ்மான் காலமான பாட்டுக்காரர் பம்பா பாக்யா, சாகுல் ஹமீத் ரெண்டு பேரின்ர குரலையும் அப்பிடி ஒரு பாட்டில பாவிச்சவர், குடும்பங்களிட்ட அனுமதி எடுத்து காசும் குடுத்ததெண்டு அவரே சொன்னவர். அதே வருசம்தான் எஸ்பிபியின்ர குரலைக் கேக்காம எடுத்ததெண்டு மகன் சரண் ஒரு தெலுங்குப் படக்காரருக்கு லோயர் நோட்டீஸ் அனுப்பினவர். பெரிய ஆக்களே கேட்டுச் செய்யேக்க நீங்கள் கேக்காமச் செய்யேலாது. சாமான் விக்கிற வேலைக்கு நான் கேட்டும் செய்யாதேங்கோ எண்டுதான் சொல்லுவன். செத்த மனுசன் "இந்தத் தேனை வாங்குங்கோ" எண்டு சொல்லுறது, அவர் ஒருநாளும் சொல்லாத சொல்லு.

வீட்டுக்குப் போறது

ஆள் காலமாகி எவ்வளவு நாள் எண்டு பாருங்கோ. எட்டுச்செலவு முடியேல்லை, அந்தியேட்டி முடியேல்லை, அதுக்குள்ள போய் யாவாரம் கதைச்சா வாசலிலயே திருப்பி அனுப்புவினம், அனுப்பவும் வேணும். ஆட்டைத்திவசம் முடிஞ்சாப்பிறகு போங்கோ. போனில கேக்காதேங்கோ. அந்த வீட்டுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியாளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, கையில லேபலின்ர டிசைனோட போகாதேங்கோ, ஏனெண்டா டிசைனைக் கண்டா எல்லாம் முடிவெடுத்திட்டுத்தான் வந்திருக்கிறான் எண்டு நினைப்பினம். சாமானைக் கொண்டு போங்கோ. தேனெண்டா தேன், ஒடியல்மா எண்டா ஒடியல்மா, அவை ருசி பாக்கட்டும்.

கதைக்கிற விதம் இப்பிடி இருந்தாக் காணும்: "அம்மா, ஐயான்ர பேரில ஒரு சாமான் செய்ய யோசிக்கிறம். உங்களுக்கு விருப்பம் எண்டா மட்டும். இல்லையெண்டா இதோட விட்டிடுவம்." பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ஒருக்கா ஒரு வாடிக்கையாளரோட நானும் போனனான், அந்த அம்மா கன நேரம் ஒண்டும் சொல்லேல்லை, தேனை விரலில தொட்டு நாக்கில வைச்சுப் பாத்தா, பிறகு "அவருக்குத் தேன் பிடிக்காது தம்பி, இனிப்பே தொடமாட்டார், ஆனா பேரைப் போடுறதெண்டாப் போடுங்கோ, சாராயக் கடைக்கு மட்டும் குடுத்திடாதேங்கோ" எண்டா. அந்த ஒரு வசனத்தில எங்களுக்கு ரெண்டு விசயம் விளங்கிச்சு. ஒண்டு, "அண்ணாவியார் விரும்பிச் சுவைத்த தேன்" எண்டு அடிக்க நினைச்ச வசனம் பொய். மற்றது, எதுக்குப் பேர் போகக்கூடாது எண்டதை அவையே சொல்லுவினம், நாங்கள் கேக்கவேணும். (சாராயம், சிகரெட் விளம்பரமே 2006ஆம் ஆண்டின்ர 27ஆம் இலக்கச் சட்டத்தில தடை, அது வேற.)

மனுசி ஓம் எண்டாலும் பிள்ளையளையும் கேளுங்கோ. ஒண்டு பிரான்சில, ஒண்டு வவுனியாவில, ஒண்டு கதை காரியம் இல்லாமப் பிரிஞ்சு இருக்கும், அந்தப் பிரிஞ்ச பிள்ளைதான் பேஸ்புக்கில முதல் ஆளாக் கத்தும். இது எங்கட ஊரில மட்டும் நடக்கிறதில்லை. பிரெட் அஸ்டெயர் எண்டு அமெரிக்காவில பெரிய டான்ஸ்காரர், 1987ல காலமானவர், பத்து வருசத்துக்குப் பிறகு அவர் படத்தில ஆடின ஆட்டத்தை எடுத்து கையில வக்கியூம் கிளீனரைக் குடுத்து விளம்பரம் செய்தாங்கள். மனுசி சம்மதம் குடுத்தவ, மகளுக்கு அது பிடிக்கேல்லை, கொம்பனிக்கு அவ எழுதின கடிதம் வெளியில வந்து, பேர் கெட்டது கொம்பனிக்கு. வட்ஸ்அப்பில ஒரு குறூப் போட்டு எல்லாரிட்டயும் ஒரு குரல் பதிவு எண்டாலும் எடுத்து வையுங்கோ.

கடதாசி

எங்கட ஆக்களுக்கு எழுதக் கேட்டா நம்பிக்கை இல்லையோ எண்டு ஒரு மாதிரி இருக்கும், சரி, அந்த ரெண்டு நிமிசச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஒரு பக்கத்தில எழுதினாக் காணும், தமிழில எழுதுங்கோ, ஜேபி (சமாதான நீதவான்) ஒருத்தருக்கு முன்னால கையெழுத்து வைச்சா நல்லம். எந்தப் பேர், எந்தப் படம், எந்தச் சாமான் எண்டு எழுதுங்கோ. தேனுக்கு வாங்கின சம்மதத்தில நாளைக்கு சவர்க்காரம் விக்கேலாது. எத்தினை வருசத்துக்கு எண்டும் எழுதுங்கோ, முதல் தரம் ரெண்டு வருசத்துக்கு மேல கேக்காதேங்கோ. புது லேபல் அடிக்க முதல் வீட்டில ஆருக்குக் காட்டவேணும் எண்டு ஒராளின்ர பேரைப் போடுங்கோ, எல்லாருக்கும் காட்டப்போனா ஒண்டும் அடிபடாது. வேற ஆருக்கும் இந்த உரிமையைக் கைமாத்தேலாது எண்டும் ஒரு வரி வேணும்.

காசு. இதில கனபேர் மழுப்புவினம், "பேருக்குப் பெருமைதானே அம்மா" எண்டு. பெருமை உங்களுக்குத்தான் வருமானமா வருது, அவைக்கும் வரட்டும். ஒரு பக்கற்றுக்கு இவ்வளவு எண்டு வைக்கிறதுதான் சண்டை வராத வழி. உதாரணத்துக்கு 400 ரூபா போத்திலுக்கு 10 ரூபா எண்டா, மாசம் 200 போத்தில் போனா 2,000 ரூபா. விற்பனை இல்லாத மாசம் குடுக்க ஒண்டும் இல்லை, உங்களுக்கும் பாரம் இல்லை. கணக்கை ஒரு கொப்பியில எழுதி அவைக்குப் படம் எடுத்து அனுப்புங்கோ. லாபத்தில பங்கு எண்டு மட்டும் எழுதாதேங்கோ, லாபம் எண்டா என்ன எண்டு பிறகு ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லுவினம்.

லேபல்

இனி என்ர ஏரியா. பெரிய எழுத்தில உங்கட பிராண்ட், சின்ன எழுத்தில "அண்ணாவியார் இன்னார் நினைவாக, குடும்பத்தாரின் சம்மதத்துடன்". இவ்வளவும்தான். அவர் சாப்பிட்டது, அவர் சொன்னது, அவரின்ர ஆசீர்வாதம், அவரின்ர ரகசியச் செய்முறை, இதுகள் உண்மையாவே உண்மை எண்டாலொழிய வேண்டாம். சாமானைப் பற்றி இல்லாததைச் சொல்லி விக்கிறது 2003ஆம் ஆண்டின்ர பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில குற்றம், ஆள் செத்திட்டார் எண்டதால அது குறையாது. பேரை சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் எப்பிடி எழுதுறது எண்டு வீட்டிலயே கேட்டு எழுதுங்கோ, கூகிளில போட்டு எடுக்காதேங்கோ.

முகத்தை எறியிற பக்கற்றில போடாதேங்கோ. இதை நான் சண்டை பிடிச்சுச் சொல்லுறனான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிஞ்ச அடுத்த நாள் விடிய அந்த வெளியால நடந்து பாருங்கோ, கச்சான் பையும் ஐஸ்கிறீம் கப்பும் சொப்பிங் பையுமா மண்ணே தெரியாது, அதுக்குள்ள ஒரு மனுசனின்ர முகம் மிதிபட்டுக் கிடந்து அதை அவரின்ர பேரப்பிள்ளை கண்டா என்ன சொல்லுவீங்கள். முகம் வேணுமெண்டா கடையில நிக்கிற பனரிலயோ பெரிய பெட்டியிலயோ போத்தில் மட்டையிலயோ போடுங்கோ. பக்கற்றில பேர் காணும்.

பதிவு

இது சுருக்கம்தான். தனி யாவாரம் எண்டா பிரதேச செயலகத்தில பேர் பதிவு, ஜிஎஸ்ஸின்ர (கிராம உத்தியோகத்தர்) கடிதத்தோட போங்கோ. சாப்பாட்டுச் சாமான் எண்டா பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து இடத்தைப் பாக்கவேணும், பிரதேச சபை அனுமதியும் வேணும். ட்ரேட் மார்க் கொழும்பில தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில, பதிஞ்சா 10 வருசம், பிறகு புதுப்பிக்கலாம். உங்கட பிராண்டைப் பதியுங்கோ, கலைஞரின்ர பேரை உங்கட பேரில பதியாதேங்கோ. பதிஞ்சீங்கள் எண்டா நாளைக்கு அந்தப் பேரில ஒரு கலை மன்றம் தொடங்கி சாமான் வித்து காசு சேக்கக்கூட அவரின்ர சொந்தப் பிள்ளையள் உங்களிட்ட வந்து நிக்கவேண்டி வரலாம். அவை பதிஞ்சு உங்களுக்குப் பாவிக்கத் தந்தா அது முறை.

வெளிநாட்டுக்கு அனுப்பிறதெண்டா

கொழும்பில சரி எண்டது எல்லா இடமும் சரி இல்லை. அமெரிக்காவில மாநிலத்துக்கு மாநிலம் வேற, கலிபோர்னியாவில செத்து 70 வருசம் வரைக்கும் பேரும் முகமும் வாரிசுக்குச் சொந்தம். லண்டனில நேர் எதிர், அங்க காலமான அமெரிக்கப் பாட்டுக்காரர் எல்விஸின்ர பேரில நினைவுச் சாமான் வித்த ஒரு கடைக்காரரோட எல்விஸ் கொம்பனி வருசக்கணக்கா இழுபட்டு, சவர்க்காரம், சென்ற் மாதிரிச் சாமானுக்கு அந்தப் பேரைத் தங்களுக்கு மட்டும் எண்டு பதிய ஏலாம 1999ல தோத்தது. அப்ப லண்டனில இந்தியச் சினிமா முகம் போட்டு விக்கலாம் எண்டில்லை, படம் எடுத்தவரின்ர உரிமை அங்கயும் இருக்கு. ரொறன்ரோவுக்கு அனுப்புற பெட்டியில ஊர்க் கலைஞரின்ர பேர் மட்டும் இருந்தா உங்களுக்கு ஒரு கடதாசி காணும், அதையும் ஸ்கான் பண்ணி வாங்கிற கடைக்காரருக்கு அனுப்பி விடுங்கோ.

முதல் தரம் லேபல் 500க்கு மேல அடிக்காதேங்கோ. கூட அடிச்சா ஒண்டு மலிவா வரும், தெரியும், நானே அப்பிடிச் சொல்லித்தான் மற்ற ஆக்களுக்கு விக்கிறனான், ஆனா இதில நடுவில வீட்டுக்காரர் மனம் மாறினா மிச்சம் முழுக்கக் குப்பை. மாறினா என்ன செய்யிறது எண்டதையும் கடதாசியில எழுதுங்கோ: கையில இருக்கிற சாமானை மூண்டு மாசத்துக்குள்ள வித்து முடிக்கிறது, புதுசு அடிக்கிறதில்லை, பேஸ்புக்கில போட்ட படங்களை எடுக்கிறது. கடைகளில நிக்கிற பனரை நீங்களே போய்க் கழட்டுங்கோ, கடைக்காரர் கழட்ட மாட்டினம், மழைக்கு மறைப்பாக் கட்டி வைச்சிருப்பினம்.